தாடிக்குள் இருந்தது யார்?

தொலைபேசியில் ஹெஸ்டர் அழவில்லை. அதுதான் டென்ஸிலுக்குச் சங்கடமாக இருந்தது. அழுகிற விதவையிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ படங்களில் பேசியிருக்கிறார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, லேசாகத் தலை குனிந்து. அழாத விதவையிடம் பேசுவதற்கு யாரும் அவருக்கு வசனம் எழுதித் தந்ததில்லை.

“வில்ஃபுக்கு வியாழக்கிழமை நினைவுக் கூட்டம் வச்சிருக்கோம்,” என்றாள். “நம்ம நாடகக்காரங்க சர்ச்சுலதான். நீ பேசணும். வேற யாராச்சும் பேசினா வில்ஃப் பாதியிலயே எந்திரிச்சு பப்புக்குக் குடிக்கப் போயிடுவான்.”

“நான் பேசாம யாரு பேசுவா? என்ன பேசட்டும், சொல்லு. அவன் கிறிஸ்துமஸ் கூத்துல கிழவி வேஷம் போட்டப்போ பாவாடை...”

“அந்த மௌனம் கதையைச் சொல்லு. நீ எங்க போனாலும் அதைத்தானே சொல்ற. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு, டென்ஸில். இந்த ஒரு தடவை, நடந்ததை நடந்தபடி சொல்லு.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

சர் டென்ஸில் ஹார்கோர்ட் தொலைபேசியைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றார். கேமரா இருந்திருந்தால் நல்ல ஷாட். இல்லாததால், சிஸ்விக்கில் ஒரு கிழவர் ஒரு காலில் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு வாயைத் திறந்து நிற்கிறார் என்பதோடு அது முடிந்துபோனது.

நடந்ததை நடந்தபடி. அப்படியென்றால் இத்தனை வருஷமும் நடக்காததையா சொல்லிக்கொண்டிருந்தார்?

அந்தக் கதையைக் கேட்காத நாடகக்காரர் லண்டனில் யாரும் இருக்க முடியாது. தொலைக்காட்சிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், விருது வாங்கும்போது சொல்லியிருக்கிறார், பல் மருத்துவர் வாயில் கருவியை நுழைப்பதற்கு முன் கிடைத்த இடைவெளியில் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் இன்னொரு முறை சொல்வதில் அவருக்கு ஆட்சேபம் இருக்காது.

ஸ்ட்ராண்டுக்குப் பின்னால் ஒரு பழைய அரங்கம். ஒரு செய்யுள் நாடகம். கிழட்டு ராஜா ஒருவன், அவனுக்குத் துரோகம் செய்த தம்பி ஒருவன். டென்ஸிலும் வில்ஃப் க்ரோமும் இளைஞர்கள், சம திறமைக்காரர்கள், ஒரே உயரம், ஒரே பசி. யாரை ராஜாவாகப் போடுவது என்று முடிவு செய்ய முடியாத முதலாளி, இருவரையும் மாற்றி மாற்றிப் போட்டார். இன்று டென்ஸில் ராஜா, வில்ஃப் தம்பி; நாளை வில்ஃப் ராஜா, டென்ஸில் தம்பி. முகப்புக் கூடத்தில் ஒரு பலகை தொங்கும். இன்றைய ராஜா யார் என்று அதில் பெயர் இருக்கும். தினமும் அதைத் திருப்பி மாட்டுவார்கள்.

அங்கி ஒன்றே, கிரீடம் ஒன்றே. தாடிகூட ஒன்றுதான். நெஞ்சுவரை தொங்குகிற நரைத்த தாடி. நேற்றைய ராஜா தின்ற வெங்காய ஊறுகாயின் மணம் இன்றைய ராஜாவுக்கு இலவசம். இயக்குநர் இருவருக்கும் ஒரே ராகத்தில் பேசச் சொல்லிக்கொடுத்திருந்தார். ராஜா வேஷத்தில் இருந்தால் அவர்களைப் பெற்றவர்களே தடுமாறியிருப்பார்கள். துரோகியான தம்பிக்கோ, நாடகம் முழுக்க மூக்குவரை மறைக்கும் முகமூடி.

கடைசிக் காட்சியில் தம்பி வந்து மண்டியிடுவான். ராஜா அவனைக் குனிந்து பார்த்து ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும்: “எழுந்திரு.” தம்பி எழுவான், திரை விழும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அந்த நாள், பக்கம் பக்கமாகச் செய்யுளை அருவி மாதிரிக் கொட்டிய ராஜா, அந்த ஒரு சொல்லை மறந்துவிட்டான்.

மௌனம். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மன்னிக்கப்போகிறானா, தலையைச் சீவப்போகிறானா? முன் வரிசையில் ஒரு சீமாட்டி மிட்டாய்த் தாளைப் பிரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டாள். மௌனம் நீண்டது, இன்னும் நீண்டது. கடைசியில் மண்டியிட்டிருந்த தம்பி உதட்டை அசைக்காமல் முனகினான்: “எழுந்திருன்னு சொல்லித் தொலைடா, முட்டி உயிர் போகுது.”

இந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களைப் பற்றி டென்ஸிலுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

மறுநாள் பத்திரிகையில் விமர்சகர், இங்கிலாந்து மேடை இப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதில்லை என்று எழுதினார். பலகையைப் பார்த்து, ஹார்கோர்ட் என்ற பெயரையும் எழுதினார். ஆட்டம் முடிந்த மாலையே படத் தயாரிப்பாளர் ஒருவர் ஒப்பனை அறைக்கு வந்திருந்தார். அப்படித்தான் டென்ஸில் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனானார். அப்புறம் ரோமாபுரி செனட்டர், பிஷப், மறுபடி வேறொரு நீர்மூழ்கி. நடுநடுவே மேடைக்குத் திரும்பி வந்து பெரிய ராஜாக்களையெல்லாம் நடித்தார். அரண்மனையில் போய் முழங்காலிட்டு ‘சர்’ பட்டம் வாங்கினார். இப்போது துப்பறியும் தொடர்களில் முதல் பகுதியிலேயே கொலையாகிற நீதிபதியாக வருகிறார். படுத்துக்கொண்டே நடிக்கலாம், இந்த வயதுக்குத் தோதானது.

வில்ஃபுக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே டென்ஸில் இந்தக் கதையில் ‘அவர்’; வில்ஃப் கடைசிவரை ‘அவன்’தான். பட்டம் வாங்கியவர்களுக்கு இலக்கணம்கூட எழுந்து நிற்கிறது. வில்ஃப் தொலைக்காட்சியில் வருஷக்கணக்காக ஒரு தொப்பைப் போலீஸ்காரனாக வந்தான். வெண்ணெய் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வடக்கே ஏதாவது ஊரில் கிழவி வேஷம் கட்டி ஆடினான். இருவரும் சேர்ந்து தெருவில் நடந்தால் டாக்சிக்காரர்கள் வில்ஃபைப் பார்த்துத்தான் ஹாரன் அடிப்பார்கள்.

டென்ஸில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார்.

“அன்று நான் கிரீடத்தோடு நின்றிருந்தேன். என் காலடியில் வில்ஃப்...”

அதோடு நின்றது. ஏனென்றால் மனதில் வந்த காட்சியில் வில்ஃப் காலடியில் இல்லை. மேலே இருந்தான். தாடியின் அடிப்பக்கம் தெரிந்தது, பசை உருகி ஒரு பக்கம் விலகியிருந்தது. மேடைப் பலகையின் ஆணி ஒன்று டென்ஸிலின் முட்டியில் குத்தியது.

கண்ணை மூடித் திறந்து மறுபடி முயன்றார். இப்போது தானே கிரீடத்தோடு நின்றார். கீழே வில்ஃபின் உச்சந்தலை தெரிந்தது.

இரண்டுமே நடந்தவைதான். அதுதான் தொல்லை. விமர்சனம் வந்த பிறகு, அந்த மௌனத்தைத் தினமும் வைக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவிட்டுவிட்டார். ஒரு நாள் மறந்ததை, அந்தப் பருவம் முழுக்க இருவரும் மாற்றி மாற்றி, மறந்ததுபோல நடித்தார்கள். நின்றும் பார்த்தார், மண்டியிட்டும் பார்த்தார். முதல் மௌனம் எது, மற்றவை எவை?

இன்னொரு விஷயமும் மெல்லத் தலை நீட்டியது. அந்த வாரத்தில் ஒரு நாள், முதலாளிக்குத் தெரியாமல் அவர்கள் வேஷத்தை மாற்றிக்கொண்டார்கள். யாருக்கோ தொண்டை கட்டியிருந்தது, தம்பிக்கு வசனம் குறைவு. தெரிந்திருந்தால் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதனால் பலகையை யாரும் திருப்பவில்லை. அது எந்த நாள்? தொண்டை யாருடையது?

அவர் கட்டிலில் உட்கார்ந்து மற்றக் காலுறையைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகுதான் இரண்டும் ஒரே காலில் இருப்பது தெரிந்தது.

பெண்களுக்கான ‘சர்’ பட்டம் வாங்கிய டேம் ஆக்டேவியா ஃபென்விக் அந்த நாடகத்தில் ராணி. கோவென்ட் கார்டனில் ஒரு உணவகத்தின் மூலை மேசையில் வாரத்துக்குப் பல நாள் அவர் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவார். டென்ஸில் போனபோது மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரத்தின் மேலோட்டை முட்கரண்டியால் தகர்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல என்ன சந்தேகம், என் ராசா? நீதான் ராஜா. நான் பக்கத்துலயே நின்னேனே. உன் கை நடுங்கினதை என் கண்ணால பார்த்தேன்.”

“ஆக்டேவியா, நீ ரெண்டாவது அங்கத்துலயே விஷம் குடிச்சுச் செத்துப்போயிடுவ.”

முட்கரண்டி அந்தரத்தில் நின்றது. “செத்தேனா?”

“தினமும்.”

“அப்போ ஓரமா நின்னு பார்த்திருப்பேன்.”

“செத்த உடனே பின்வாசல் வழியா ஜின் குடிக்கப் போயிடுவ. வேஷத்தோடயே போவ. ஒரு நாள் போலீஸ்காரன் கூட்டிட்டு வந்து விட்டான்.”

“அது சரி,” என்று டேம் ஆக்டேவியா பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். “ஆனா கதையை நீ இவ்வளவு நல்லா சொல்லியிருக்க, எனக்கு பார்த்த மாதிரியே இருக்கு.”

டென்ஸில் கடைசித் துருப்புச் சீட்டை எடுத்தார். “முட்டி யாரோடது? முட்டி வலின்னு முனகினது வில்ஃப். அவனுக்குத்தானே முட்டி மோசம்?”

“வில்ஃபுக்கா? அந்த வயசுல அவன் முட்டி பந்தயக் குதிரை முட்டி. படியெல்லாம் மூணு மூணா தாவுவான். முட்டி உன்னோடது. நீதான் குதிரையிலேருந்து விழுந்து ஒரு மாசம் நொண்டினியே.”

“அது ரோமாபுரிப் படத்துல. அந்தப் படமே இந்த மௌனத்தாலதான் கிடைச்சுது.”

“அப்போ முட்டி முன்னாடியா, மௌனம் முன்னாடியா?”

இருவரும் பலகாரத்தைப் பார்த்தார்கள். அதற்கும் தெரியவில்லை.

“எதுக்குடா இப்போ தோண்டற?” என்றார் ஆக்டேவியா. “நல்லா ஓடிட்டிருக்கற நாடகத்துல யாராச்சும் கை வைப்பாங்களா? நீ சொல்லு, நாங்க சிரிக்கறோம். வில்ஃபும் சிரிச்சான். நீ டிவில சொன்னப்போ நான் அவன் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். ‘நல்லா சொல்றான், ராஸ்கல்’னான்.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“வெண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு சொன்னான்.”

டென்ஸிலுக்கு இது இன்னும் கலக்கத்தைத்தான் கொடுத்தது. ‘நல்லா சொல்றான்’ என்று யாரைப் பற்றிச் சொல்வார்கள்? தன் கதையைச் சொல்கிறவனைப் பற்றியா, நம் கதையைச் சொல்கிறவனைப் பற்றியா?

கென்னிங்டனில் வில்ஃபின் வீட்டுப் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பங்களின் தலையிலெல்லாம் கிழவி வேஷ விக்குகள் மாட்டியிருந்தன. சிவப்பு, மஞ்சள், ஊதா. சாவு வீட்டில் அவைதான் மிகக் கலகலப்பானவை.

ஹெஸ்டர் டீ ஊற்றினாள். இளமையில் அந்த அரங்கத்தின் பிராம்ப்டர் அவள். மேடையின் ஓரத்தில், திரை மறைவில், நாடகப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுப்பது வேலை. அந்த நாட்களில் டென்ஸில் அவளோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை படகில் போயிருக்கிறார். வில்ஃப் எத்தனை ஞாயிறு போனான் என்று அவர் கேட்டதில்லை.

“ஹெஸ்டர், நீ சொல்லு. அன்னைக்கு ராஜா யாரு?”

கரண்டி நின்றது. “உனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“நடிக்கறியா?”

“நடிக்கத் தெரிஞ்சிருந்தா வியாழக்கிழமை நடிச்சிட்டுப் போயிருக்க மாட்டேனா? இங்க வந்து உன் பிஸ்கட்டைத் தின்னுட்டு அசிங்கப்படுவேனா?”

ஹெஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “கடவுளே. நீ வேணும்னே திருடிட்டதா நினைச்சிட்டிருந்தேன். வருஷா வருஷம் உனக்குக் கிறிஸ்துமஸ் கேக் அனுப்பறப்போ கொஞ்சம் காய்ஞ்சதாப் பார்த்து அனுப்புவேன்.”

“நான் பாராட்டிக் கடுதாசி எழுதினேனே!”

“அதான் நீ நடிகன்னு நினைச்சுக்கிட்டேன்.” கோப்பையைக் கீழே வைத்தாள். “கேளு. பலகையில உன் பேருதான் இருந்துது. ராஜா நின்னான், பேசலை. ‘எழுந்திரு’. ஒத்தை வார்த்தை. அதை யாரு மறப்பா? வேணும்னே நிறுத்தறான், நல்லாத்தான் இருக்குன்னு நான் பேசாம உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவன் என் பக்கம் பார்த்தான். தாடி, கிரீடம், நடுவுல கண்ணு மட்டும். தண்ணில முழுகறவன் கரையைப் பார்க்கற மாதிரி. எனக்கு வார்த்தை தெரியும், பிரதில விரல் வச்சிருக்கேன், ஆனா குரல் வரலை. யாரும் அதுவரைக்கும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, டென்ஸில். இவனைத்தான் கட்டிக்கணும்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். யாருன்னே தெரியாம.”

டென்ஸில் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

“பலகையில என் பேரு இருந்துதுன்னு சொன்னியே.”

“இருந்துது. ஆனா கண்ணு உன் கண்ணு மாதிரி தோணலை. தோணுச்சா தோணலையான்னே தெரியலை. அதான் ஆட்டம் முடிஞ்சதும் ஓடினேன். வெந்நீர் எடுக்க வில்ஃப் துண்டோட வெளிய வந்தான். ‘நீயா அது?’ன்னு கேட்டேன். ‘நான்தான்’னான். ‘ரெண்டு பேரும் மாத்திக்கிட்டோம், முதலாளிகிட்ட சொல்லிடாதே’ன்னான். அந்தக் கோடையிலயே கல்யாணம்.”

அவள் மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டென்ஸிலுக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் அதே ஆட்டம் முடிந்த பிறகு, அதே ஒப்பனை அறையில், தயாரிப்பாளர் கதவைத் தட்டி “யாருப்பா இங்க ஹார்கோர்ட்? அந்த ராஜா?” என்று கேட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இருவரும் வேஷம் கலைத்திருந்தார்கள். தாடி கொக்கியில் தொங்கியது. டென்ஸில் வாயைத் திறப்பதற்குள், வாயில் ஊறுகாய் வெங்காயத்தோடு வில்ஃப் முந்திக்கொண்டு சொன்னான்: “இவன்தான் சார். இவன்தான் ராஜா.”

ஒரே மாலை. ஒருவரிடம் ‘இவன்’. ஒருத்தியிடம் ‘நான்’.

அந்த வாக்கியம் அவருடைய வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஹெஸ்டர் வில்ஃபின் தட்டில் இன்னொரு பிஸ்கட்டை வைப்பதுபோல, பழக்கத்தில், காலியான நாற்காலியின் முன்னால் இருந்த தட்டில் ஒன்றை வைத்தாள். டென்ஸில் தன் பிஸ்கட்டை முழுசாக வாயில் போட்டு அடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தின் மேல்தளத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்று, அன்று ராஜா வில்ஃப். அப்படியானால், வேஷம் மாற்றியது வெளியே தெரியக்கூடாது என்றோ, வேறு எதற்கோ, அவன் தன் வாழ்க்கையைத் தூக்கி இவர் கையில் கொடுத்துவிட்டு ஊறுகாய் தின்றான். அல்லது ராஜா டென்ஸில்தான். அப்படியானால் ஹெஸ்டரைப் பார்த்த கண் இவருடையது. வில்ஃப் ஒரு பொய்யைச் சொல்லி அவளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். நண்பன் வள்ளலா, திருடனா என்று தெரியவில்லை. தான் அனுபவித்தது தானமா, கழித்துக்கட்டிய மிச்சமா என்றும் தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, தன்னைப் பற்றி யோசிக்கும்போது தலை வலித்தது.

“நீங்க அந்த நீர்மூழ்கி கேப்டன்தானே?” முன் இருக்கையில் காய்கறிப் பையோடு இருந்தவர் திரும்பினார்.

“ஆமாம்.”

“அதான பார்த்தேன். வில்ஃப் க்ரோம் போயிட்டாராமே, தெரியுமா? எங்க வீட்டுல எல்லாரும் அழுதோம்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “உங்க படமும் நல்லாத்தான் இருக்கும்.”

வாக்ஸ்ஹால் பாலத்தைத் தாண்டும்போது டென்ஸிலுக்கு ஒன்று மட்டும் தோன்றியது. தன் படங்களெல்லாம் எடுத்து முடிந்தவை. அவற்றை இனி யாரும் சுருட்டித் திருப்பித் தரச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஹெஸ்டரின் கல்யாணம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் பிஸ்கட் வைக்கிற அளவுக்கு.

வியாழக்கிழமை சர்ச் நிறைந்து வழிந்தது. வெளியே சதுக்கத்தில் ஒருவன் தீப்பந்தங்களை வீசிப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதிரியார் ஜெபம் சொன்ன நேரம் பார்த்து அவனுக்குக் கைதட்டல் விழுந்தது. முதல் வரிசையில் ஹெஸ்டர். அவளுக்குப் பின்னால் டேம் ஆக்டேவியா, பிரமாண்டமான கறுப்புத் தொப்பியில், தனக்குப் பின்னால் இருந்த எல்லோரையும் இருட்டடித்துக்கொண்டு.

டென்ஸில் மேலே ஏறினார். எல்லோரும் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். பழகின பாட்டுக்குக் காத்திருக்கிறவர்களின் முகம்.

“உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஒரு ராஜா, ஒரு தம்பி, ஒரு மறந்துபோன வார்த்தை. ஆனா இத்தனை நாளும் நான் தப்பா சொல்லிட்டேன்.” மூச்சை இழுத்துவிட்டார். “அன்னைக்கு ராஜா நான் இல்லை. வில்ஃப்.”

ஒரு சிரிப்பு அங்கங்கே கிளம்பியது.

“நிஜமாத்தான் சொல்றேன். நாங்க வேஷம் மாத்திக்கிட்டோம். பலகையைத் திருப்பலை. மண்டியிட்டிருந்தது நான்.”

சிரிப்பு பெரிதாயிற்று. பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார். டென்ஸில் குரலை உயர்த்தினார்.

“நான் விளையாடலை! அந்த மௌனம் அவனோடது. விமர்சகர் எழுதினது அவனைப் பத்தி. கேப்டன் வேஷம் அவனுக்கு வந்திருக்க வேண்டியது. பிஷப்புகூட.”

“பிஷப்பை நீயே வச்சுக்க!” என்று யாரோ கத்த, சர்ச் அதிர்ந்தது. அதோடு அவர் மீதிக் கதையைச் சொன்னார். கிரீடத்தின் கீழே வில்ஃபை நிறுத்தினார், தன்னை மண்டியிட வைத்தார், முட்டி உயிர் போகிறது என்று முனகினார். வாழ்நாளில் இவ்வளவு நன்றாக அவர் அதைச் சொன்னதில்லை. ஜனங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். சிலர் சிரிப்பு நின்ற பிறகும் துடைத்தார்கள்.

“என்ன மனசு பாரு!” ஆக்டேவியாவின் ரகசியக் குரல் கூரை வரை கேட்டது. “தன்னோட பெரிய சொத்தையே செத்தவனுக்கு எழுதிவச்சிட்டான்!”

படியிறங்கியதும் பாதிரியார் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எவ்வளவு பெருந்தன்மை, சர் டென்ஸில்.”

“பெருந்தன்மையெல்லாம் இல்லை ஃபாதர். உண்மை.”

“அதைத்தான் சொல்றேன். எவ்வளவு அடக்கம்.”

டென்ஸிலுக்குக் கோபமாக வந்தது. மனிதன் வாழ்க்கையில் ஒரு தடவை தன் பெயரையும் புகழையும் முழுசாகத் தூக்கி வெளியே கொடுக்கிறான், வாங்கிக்கொள்ள ஊரில் ஒரு ஆள் இல்லை. கொடுக்கப் போனதில் இன்னும் கொஞ்சம் புகழ் சேர்ந்துவிட்டது. தான் சொன்னது உண்மைதானா என்று அவருக்கே தெரியாது என்பது வேறு; அவர்கள் நம்ப மறுத்ததற்கு அது காரணம் இல்லையே!

சர்ச்சின் பின்னால் தோட்டத்தில், ரோஜாச் செடிகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் ஹெஸ்டர் தனியாக இருந்தாள். யாரோ கொடுத்த, இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுட்ட ஸாஸேஜ் ரோல் ஒன்று கைக்குட்டையில் அப்படியே இருந்தது. டென்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒருத்தனும் நம்பலை,” என்றார்.

“அவங்க நம்பறதுக்கா சொன்ன?” அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். “நல்லா சொன்ன. அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஈரமான கேக்.”

தீப்பந்தக்காரனுக்குக் கூட்டம் மறுபடி கைதட்டியது.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள் ஹெஸ்டர். “என் மூலையிலேருந்து எனக்குக் கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. நீ நேர் கீழே இருந்த. அவன் என்னைப் பார்த்தப்போ அவனுக்கு எப்படி இருந்துது? கேட்டா வில்ஃப் சொல்ல மாட்டான். ஜோக் அடிச்சிட்டு நழுவிடுவான்.”

இதற்கும் யாரும் வசனம் எழுதித் தரவில்லை. டென்ஸில் யோசிக்காமல் பேசினார்.

“பயம், ஹெஸ்டர். வெறும் பயம்தான். காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. நாக்கு மேலே ஒட்டிக்கிச்சு, பசை தின்ன மாதிரி. கிரீடம் கனத்துது. இந்தப் பக்கம் பார்த்தா இருட்டு, ஜனங்க. அந்தப் பக்கம் திரும்பினா, ஒரு சின்ன விளக்கு, உன் முகம். அதுக்கப்புறம்தான் மூச்சே வந்துது. இனி வார்த்தை வந்தா என்ன, வராட்டி என்னன்னு...”

நிறுத்தினார்.

ஹெஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. ஸாஸேஜ் ரோலின் ஓரத்தை மெல்லப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு,” என்றாள் நிதானமாக, “கீழே மண்டி போட்டிருந்த உனக்கு எப்படித் தெரியும்?”

புறா ஒன்று வந்து அவர்கள் காலடியில் விழுந்த துணுக்குகளைக் கொத்தியது. அந்த ஆணி மறுபடி முட்டியில் குத்துகிறதா என்று டென்ஸில் தேடிப் பார்த்தார். குத்தத்தான் செய்தது. கிரீடத்தின் கனமும் நெற்றியில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தெளிவோடு.

“வில்ஃப் சொன்னான்,” என்றார்.

ஒருவேளை சொல்லியிருக்கலாம். அத்தனை வருஷத்தில், அத்தனை பப்புகளில், ஏதாவது ஒரு நாள்.

ஹெஸ்டர் மடியில் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டாள். பிறகு ரோலை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவர் கையில் வைத்தாள்.

“சொல்லியிருப்பான்,” என்றாள். “உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருப்பான்.”

எழுந்துகொள்ள இருவருக்கும் சிரமமாக இருந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, யார் யாரைத் தூக்குகிறார்கள் என்று தெரியாமல், ஒருவழியாக எழுந்தார்கள்.